வீட்டில் படிக்க இ-ரீடர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள இ-ரீடர் கருவி பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை ஆங்கில நாவல் படிப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் நூல் படிப்பவருக்குப் பார்க்க வேண்டியவை வேறு. கொம்பும் காலும் இடம் மாறாமல் தெரிகிறதா, ஸ்கேன் செய்த பழைய நூலைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா, கையில் இருக்கும் கோப்பு அந்தக் கருவியில் திறக்கிறதா என்பவைதான் முதலில் வரும்.

போனிலேயே படிக்கலாமே, தனியாக ஒரு கருவி எதற்கு?

பஸ்ஸிலும் வரிசையிலும் பத்து நிமிடம் படிப்பவருக்கு போன் போதும். உட்கார்ந்து ஒரு மணி, இரண்டு மணி படிப்பவருக்குத்தான் இ-ரீடர். அதன் திரையில் நுண்ணிய குமிழிகள் இருக்கும். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் வெள்ளை, கறுப்புத் துகள்கள் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கும். மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். இறங்கியது அங்கேயே நிற்கும். அதனால் எழுத்தைக் காட்டிக்கொண்டிருப்பதற்கு மின்சாரம் தேவையில்லை, பக்கம் மாற்றுவதற்கு மட்டுமே தேவை. வெயிலில் போன் திரை மங்கும், இது இன்னும் தெளிவாகும். வாட்ஸ்அப் எட்டிப் பார்க்காது என்பதும் சின்ன லாபமில்லை.

இதற்கு விலையும் உண்டு. திரை மெதுவாகத்தான் மாறும். புரட்டிப் புரட்டித் தேடவும், அடிக்குறிப்புக்கும் பக்கத்துக்கும் மாறி மாறிப் போகவும் பொறுமை வேண்டும். பள்ளிப் பாடநூல், படம் நிறைந்த சமையல் நூல் போன்றவற்றுக்கு டேப்லெட்டே மேல்.

எந்த மாடல் என்று தேடத் தொடங்கிவிட்டோம், தலை சுற்றுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

மாடலை விடுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் படிக்க நினைக்கும் இருபது புத்தகங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். முடிவு அதிலேயே இருக்கிறது.

பெரும்பாலானவை அமேசானில் விலைக்கோ கிண்டில் அன்லிமிடெட் சந்தாவிலோ இருந்தால் அமேசானின் இ-ரீடரான கிண்டில்தான். அந்த நூல்கள் வேறு நிறுவனத்தின் வாசிப்புக் கருவியில் நேரடியாகத் திறக்காது. 2016 கடைசியில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. விலைக்குக் கிடைக்கும் தமிழ் மின்னூல்களைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய கடை அதுதான்.

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் போன்ற தளங்களின் இலவச இபப் (EPUB என்ற பொதுவான மின்னூல் வடிவம்) கோப்புகள் என்றால் எந்தக் கருவியும் ஆகும். தமிழ் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்பது மட்டுமே கேள்வி.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களுக்கான நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றிலிருந்து இறக்கிய ஸ்கேன் பிடிஎஃப்தான் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் என்றால், ஆறு அங்குலக் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பரண் ஏறும்.

ஆறு அங்குலம் போதுமா?

இபப்பும் கிண்டில் நூலும் திரைக்கேற்ப வரியை மடித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஆறு அங்குலம் போதும். ஆனாலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரு சொல் வந்தால் பாதி வரி போய்விடும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். இருபக்கமும் நேராக்கும் ஒழுங்கமைவில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். ஒழுங்கமைவை இடப்பக்கத்துக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். ஏழு அங்குலத் திரையில் மீதிப் பாதியும் குறையும்.

பிடிஎஃப் மடியாது, அச்சுப் பக்கம் அப்படியே சுருங்கும். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தமிழ் நாவல்கள் பலவும் டெம்மி அளவில், ஏறத்தாழ 14 × 21.5 செ.மீ. வருபவை. ஓரங்களை வெட்டினால் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 10.5 × 17 செ.மீ. எழுத்தின் அளவு 11 புள்ளி (பாயின்ட்) என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு அங்குலத் திரையின் அளவு 9.1 × 12.3 செ.மீ. ஓரத்தை வெட்டாமல் திறந்தால் 11 புள்ளி எழுத்து 6 புள்ளியாகச் சுருங்கும். மருந்துச் சீட்டு எழுத்து அது. வெட்டினால் 8 புள்ளி. கிண்டில் பேப்பர்வைட்டின் ஏழு அங்குலத்தில் (10.7 × 14.2) வெட்டிய பக்கம் 9 புள்ளியில் வரும். 7.8 அங்குலத்தில் (11.9 × 15.8) 10 புள்ளி. 10.3 அங்குலத்தில் (15.7 × 20.9) வெட்டாமலேயே அச்சுப் புத்தக அளவில் தெரியும்.

ஆகவே, ஸ்கேன் நூலுக்கு 7.8 அங்குலம் கீழ் எல்லை, 10.3 நிம்மதி. ஏற்கெனவே ஆறு அங்குலம் வாங்கிவிட்டவர் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பிப் படிக்கலாம். எழுத்து அச்சு அளவையும் தாண்டிப் பெரிதாகும். ஒரு பக்கத்தை மூன்று தட்டில் கடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

300 பிபிஐ என்கிறார்களே, அது முக்கியமா?

முக்கியம். திரையில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு அது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி எல்லாம் சிறிய எழுத்தில் அடைத்துக்கொள்ளும். 2019 அடிப்படைக் கிண்டில் 167 பிபிஐ. ஆங்கிலத்துக்கு அது சமாளித்தது, தமிழுக்குத் திணறியது. 2022இல் வந்த அடிப்படைக் கிண்டிலே 300 ஆகிவிட்டது. பழைய கருவி வாங்குபவர் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. கருவி கோளாறா, கோப்புக் கோளாறா?

இரண்டில் எது என்பதை உடைந்த விதமே சொல்லிவிடும்.

கட்டம் கட்டமாக வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒரு எழுத்துருவை ஏற்றினால் தீரும்.

எழுத்துகள் தமிழாக இருந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றாலோ, அதனருகே புள்ளியிட்ட வட்டம் தெரிந்தாலோ, கருவியின் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது, ‘கொ’வில் கொம்பையும் காலையும் இருபுறம் பிரிப்பது எல்லாம் மென்பொருளின் வேலை. எழுத்துருவை மாற்றினால் இது தீராது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது வேறு வாசிப்புச் செயலி வேண்டும்.

‘jkpo;’ என்பது போல ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வந்தால் கோப்பு ஒருங்குறியில் இல்லை. பாமினி, டிஸ்கி, டேப் போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்தது. இதற்கான வழி கீழே தனிக் கேள்வியில் இருக்கிறது.

வாங்கும் முன் சோதிக்க ஒரு சின்னக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். அதில் இந்தச் சொற்கள் இருக்கட்டும்: கொக்கு, கேணி, மையல், சௌக்கியம், தூண், ஞௌ, லக்ஷ்மி, ஸ்ரீ. இவை சரியாக விழுந்தால் மீதியும் விழும். நண்பரின் கருவியில் ஐந்து நிமிடம் திறந்து பார்ப்பது ஐம்பது விமர்சனக் காணொளிக்குச் சமம்.

கிண்டிலில் நம்முடைய இபப் கோப்பை ஏற்றுவது எப்படி?

யூஎஸ்பி வழியாக இபப்பை நகலெடுத்துப் போட்டால் கிண்டில் அதைக் காட்டவே காட்டாது. ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்ப வேண்டும். அமேசான் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றி இறக்கும்.

எளிய வழி உலாவி. உங்கள் கணக்கு எந்த நாட்டுத் தளத்தில் இருக்கிறதோ, அந்தத் தளத்தின் சென்ட் டு கிண்டில் பக்கத்தைத் திறந்து, உள்நுழைந்து, கோப்பை இழுத்துவிடுங்கள். 200 எம்பி வரை ஏற்கும். ‘நூலகத்தில் சேர்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். கிண்டிலில் வைஃபையை இயக்கி, ஒத்திசைவை அழுத்தினால் சில நிமிடங்களில் வந்து சேரும்.

மின்னஞ்சல் வழியில் எல்லை 50 எம்பி. ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதைக் கணக்கில் ‘மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்ட் டிவைசஸ்’ பக்கம், ‘பிரிஃபரன்சஸ்’, ‘பெர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் பார்க்கலாம். அனுப்பும் உங்கள் முகவரியையும் அதே பக்கத்தில் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ‘அனுப்பினேன், வரவில்லை’ என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

இணையம் வேண்டாம் என்றால் மின்னூல் வடிவங்களை மாற்றும் காலிபர் மென்பொருளில் இபப்பை ஏஇசட்டபிள்யூ3 (AZW3) என்ற கிண்டில் வடிவத்துக்கு மாற்றி, கேபிள் வழியே ஏற்றலாம். 2024 மாடல்கள் கணினியில் பென் டிரைவ் போலத் தெரியாது, கேமரா இணைப்பு முறையில்தான் தெரியும். மேக் கணினியில் இதற்குத் தனிச் செயலி தேவைப்படும். மோபி கோப்பை விட்டுவிடுங்கள். பழைய வடிவம், எழுத்துருவை உள்ளே பதிக்க இடமில்லை, சென்ட் டு கிண்டிலும் அதை ஏற்பதை நிறுத்திவிட்டது.

இபப் அனுப்பினால் பிழை என்று திரும்புகிறது, அல்லது எழுத்து பூச்சியாக வருகிறது.

இரண்டு காரணங்களைப் பாருங்கள். முதலாவது, நூலின் விவரக் குறிப்பில் மொழி என்ற இடம் காலியாகவோ தவறாகவோ இருக்கும். காலிபரில் நூலைத் தேர்ந்து, விவரத்தைத் திருத்தும் சாளரத்தில் மொழியைத் தமிழ் என்று மாற்றி, பிறகு இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றினால் அது கோப்புக்குள் எழுதப்படும். இரண்டாவது, உள்ளே இருக்கும் பக்கங்களில் ‘யூடிஎஃப்-8’ என்ற குறியாக்க அறிவிப்பு இல்லாமல் இருக்கும். அமேசானின் மாற்றி வேறு குறியாக்கம் என்று நினைத்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் மூன்று விசித்திரக் குறிகளாக உடைத்துவிடும். காலிபரின் அதே மாற்றம் பெரும்பாலும் இதையும் சரிசெய்யும்.

ஸ்கேன் பிடிஎஃப் படிக்க என்னென்ன வழி?

வரிசையாக முயன்று பாருங்கள். முதல் வழியே பலருக்குப் போதும்.

முதலில் ஓரம் வெட்டுதல். பிரிஸ் என்ற இலவச மென்பொருள் எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒரு கட்டம், இரட்டைப்படைக்கு ஒரு கட்டம் வரைந்து வெட்டலாம். பக்க எண்ணும் தலைப்பும் போனால் போகட்டும், எழுத்துப் பெரிதாவதுதான் முக்கியம். பூக்ஸ் நிறுவன இ-ரீடர்களோடு வரும் நியோரீடர் செயலியிலும், கோரீடர் என்ற வாசிப்புச் செயலியிலும் இந்த வெட்டு உள்ளேயே இருக்கிறது. மங்கிய அச்சைக் கறுப்பாக்கும் வசதியும் உண்டு. பழுப்பேறிய தாளை ஸ்கேன் செய்த நூலுக்கு அது மிகவும் உதவும்.

அடுத்தது கே2பிடிஎஃப்ஆப்ட் (k2pdfopt) என்ற மென்பொருள். இது பக்கத்தைச் சொல் சொல்லாகப் படத்துண்டுகளாக வெட்டி, சிறிய திரைக்கேற்ப மறுபடி அடுக்கும். எழுத்தைப் படித்தறியாது என்பதால் மொழி இதற்குப் பொருட்டில்லை. உரைநடைக்கு நன்றாக வரும். வெண்பாவும் விருத்தமும் சிதறும், சீர் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு வழியும். பக்கம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தாலும், மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியை முட்டும் அளவுக்கு நெருக்கி அச்சிட்டிருந்தாலும் தடுமாறும்.

கடைசி வழி எழுத்துணரி, அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படித்தறியும் மென்பொருள். பிடிஎஃப்பை 10, 20 பக்கத் துண்டுகளாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸில் திற’ என்று கொடுத்தால் எழுத்தாக்கிக் கொடுக்கும். தெளிவான ஆஃப்செட் அச்சில் நன்றாக வரும். தேய்ந்த ஈய அச்சில் ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறும், புள்ளிகள் காணாமல் போகும், பக்கத் தலைப்பு வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும். ஒருமுறை படித்து வைத்துவிடும் நாவலுக்கு இந்தப் பாடு தேவையில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும் நூலுக்குச் செய்யலாம்.

செவ்விலக்கியத்துக்கு இதில் எதுவும் வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை பலவற்றைத் தட்டச்சு செய்தே வைத்திருக்கிறது. ஒருங்குறிப் பக்கத்தைச் சேமித்து காலிபரில் போட்டால் இபப் தயார்.

பாமினி, டேப் எழுத்துருவில் இருக்கும் கோப்பை என்ன செய்வது?

பிடிஎஃப்பாகப் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறது. இபப்பாக மாற்றியதும் குப்பையாகும். உரையை நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி, மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்து ஒருங்குறியாக்கலாம். எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் பிடிஎஃப் வாசிப்பானில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். அங்கே பெயர் இருக்கும். ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிக் குழம்பும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். நூல் பெரிதென்றால் எழுத்துணரி வழியே வேகமானது.

கிண்டிலா, கோபோவா, பூக்ஸா?

கிண்டில் பேப்பர்வைட்: வாங்கிப் படிப்பவருக்கு இதுதான். 2024இல் வந்த ஏழு அங்குல மாடல் 2025 ஏப்ரலில் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. எடை 211 கிராம், 16 ஜிபி, மஞ்சள் ஒளி உண்டு, தண்ணீர் புகாது. அடிப்படைக் கிண்டிலில் மஞ்சள் ஒளியும் இல்லை, நீர்க்காப்பும் இல்லை. 158 கிராம் எடை மட்டும் அதன் பெருமை. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிப்பவர் அந்த ஐம்பது கிராமை உணர்வார்.

கோபோ: இபப்பை கேபிள் வழியே நேராகப் போட்டுக்கொள்ளலாம். 2024 மாடல்களுக்கு ஐஃபிக்ஸிட் நிறுவனம் வழியாக உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. லிப்ராவில் பக்கம் திருப்ப பொத்தான் உண்டு. எழுத்துருவுக்கு, கருவியை கணினியில் இணைத்து ‘ஃபான்ட்ஸ்’ என்ற பெயரில் கோப்புறை உருவாக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைப் போடுங்கள். அப்போதும் கொம்பு இடம் மாறினால் கோரீடரை நிறுவுங்கள். அது தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருக்குக் கடையிலேயே கிடைக்கும். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி சேரும், பழுதானால் நீங்களும் கருவியும்தான்.

பூக்ஸ்: உள்ளே ஆண்ட்ராய்டு. கிண்டில் செயலி, கூகுள் பிளே புக்ஸ், வார இதழ்களின் செயலிகள் எல்லாம் ஒரே கருவியில் ஓடும். ஸ்கேன் நூல்களுக்கும் பல கடைகளில் வாங்குபவருக்கும் எங்கள் தேர்வு இதுதான். ஆனால் எடுத்ததும் படிக்கும் கருவி அல்ல. ஒவ்வொரு செயலிக்கும் திரைப் புதுப்பிப்பு வேகம், எழுத்தின் கருமை என்று அமைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி வாரக்கணக்கில் நிற்காது, நாள்கணக்குதான். தொழில்நுட்பம் என்றாலே எரிச்சல் வரும் ஒருவருக்கு இதைப் பரிசளிக்காதீர்கள்.

கலர் திரை வாங்கலாமா?

நாவல் படிப்பதற்கு என்றால் வேண்டாம். இந்த வகையில் பரவலாக இருக்கும் கலைடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, வண்ணம் 150 பிபிஐ. வண்ண வடிகட்டி ஒன்று மேலே இருப்பதால் தாள் சாம்பல் பூத்தாற்போல இருக்கும், பகலிலும் விளக்கு தேவைப்படும். குழந்தைகளின் படக்கதைக்கும் வண்ணத்தில் அடிக்கோடு போடுபவருக்கும் சரி.

பேப்பர்வைட்டின் பேட்டரி 12 வாரம் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

நாளுக்கு அரை மணி வாசிப்பு, வைஃபை அணைத்து, விளக்கு 13ஆம் நிலையில் என்ற நிபந்தனையில். பெருக்கினால் 42 மணி நேரம். தினமும் இரண்டு மணி படித்தால் மூன்று வாரம். அதுவும் நல்ல கணக்குதான். விளக்கை முழுதாக ஏற்றினால் இன்னும் குறையும்.

பல மாதம் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாகக் காலியான நிலையில் கிடந்தால் பேட்டரி பிறகு எழாமலே போகலாம்.

இரவில் படித்தால் கண் கெடாதா?

போனில் ஒளி திரைக்குப் பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருகிறது. இ-ரீடரில் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகள் திரையின் மேற்பரப்பில் ஒளியைப் பரப்புகின்றன, அது பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறோம். திரை அறையைவிடப் பிரகாசமாக இருந்தால் இதிலும் கண் கூசும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை விளக்கைக் குறையுங்கள். படுக்கையில் மஞ்சள் ஒளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கண்ணில் நீர், தலைவலி என்று இருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள், கருவியை மாற்றிப் பயனில்லை.

வயதான அம்மா அப்பாவுக்கு எது?

ஏழு அங்குலமோ அதற்கு மேலோ. பொத்தான் உள்ளது கிடைத்தால் நல்லது. விரல் உலர்ந்திருந்தாலோ நடுங்கினாலோ தொடுதிரையில் ஒரு தட்டலுக்கு இரண்டு பக்கம் போய்விடும். கொடுக்கும் முன் நீங்களே எழுத்தளவு, வரி இடைவெளி, இடப்பக்க ஒழுங்கமைவு மூன்றையும் அமைத்து, பத்து நூல்களை இறக்கி, முதல் நூலைத் திறந்த நிலையில் கொடுங்கள். கணக்கு உங்களுடையதாக இருந்தால் வெளியூரிலிருந்தே நூல் அனுப்பலாம். அதே கணக்கில் ஒரு தட்டில் புத்தகம் வாங்கவும் முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

படித்துக் காட்ட வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு கருவிதான். கூகுளின் பேச்சு இயந்திரத்தில் தமிழ்க் குரல் இருக்கிறது. கருவியில் ஒலிபெருக்கி உள்ளதா என்று பாருங்கள், சில பூக்ஸ் மாடல்களில் இல்லை. அவற்றுக்கு ப்ளூடூத் வேண்டும்.

தமிழ் அகராதி வேலை செய்யுமா?

அரைகுறையாக. சொல்லின்மேல் விரலை வைத்தால் கருவி அந்தச் சொல்லை அப்படியே தேடும். ‘மரத்திலிருந்து’ என்பதைத் தேடினால் ‘மரம்’ என்று பிரித்துக்கொள்ளத் தெரியாது. கோரீடரில் ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளை ஏற்றி, தேடும் சொல்லை நீங்களே திருத்தித் தேடலாம். கம்பராமாயணம் படிப்பவருக்குப் பக்கத்தில் அச்சு அகராதி இருப்பதே வேகம்.

வாங்கிய மின்னூல் நமக்குச் சொந்தமா?

இல்லை, படிக்கும் உரிமம் மட்டுமே. பெரும்பாலான கடை நூல்களில் டிஆர்எம் என்ற நகல்தடுப்புப் பூட்டு இருக்கும், நண்பருக்குக் கொடுக்க முடியாது. கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி கேபிள் வழியே ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26இல் அமேசான் நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் வைத்துப் படிக்க வேண்டிய நூலை அச்சில் வாங்குங்கள்.

நூலகத்திலிருந்து இரவல் பெற முடியுமா?

சிங்கப்பூரில் முடியும். அங்கே தேசிய நூலக வாரியம் லிபி (Libby) என்ற இரவல் செயலி வழியே தமிழ் மின்னூல்களையும் தருகிறது. ஆனால் லிபியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்காவுக்கு மட்டும். சிங்கப்பூர் வாசகர் லிபி செயலி ஓடும் ஆண்ட்ராய்டு இ-ரீடர் வாங்குவது நல்லது.

தண்ணீர் புகாது என்றால் எவ்வளவு தூரம்?

பேப்பர்வைட்டின் ஐபிஎக்ஸ்8 தரம் இரண்டு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கும். கடல்நீரில் கால் மீட்டர், மூன்று நிமிடம்தான். காபி கொட்டினால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கலாம். சார்ஜ் துளை நன்றாகக் காயும் வரை கேபிளைச் செருகாதீர்கள்.

திரையில் கோடு விழுந்துவிட்டது, பாதித் திரை மாறவே இல்லை.

உள்ளே கண்ணாடியில் விரிசல் விழுந்திருக்கிறது. மேலே கீறல்கூட இருக்காது. பையில் டிபன் பாக்ஸுக்கும் புத்தகத்துக்கும் நடுவே அழுந்தினாலே போதும். பெரும்பாலான இ-ரீடர் திரைகளின் அடித்தளம் மெல்லிய கண்ணாடி. திரையை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். கடினமான முன் அட்டை உள்ள உறை வாங்குங்கள், சிலிக்கான் பின்னுறை இதற்கு உதவாது.

முந்தைய பக்கத்தின் நிழல் தெரிவது வேறு, அது பழுதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுப் புதுப்பிப்பு என்ற அமைப்பை இயக்குங்கள். கிண்டில் உறைந்து நின்றால் பவர் பொத்தானை 40 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

பழைய கருவி வாங்கலாமா? வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்கலாமா?

பழையது என்றால் நேரில் பார்த்து வாங்குங்கள். விற்பவர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று பார்த்து, உங்கள் கணக்கை அங்கேயே பதிந்து பாருங்கள். திருட்டுக் கருவி என்று புகார் பதிந்திருந்தால் பதிவாகாது. முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கை ஏற்றி, கறையும் செத்த புள்ளியும் தேடுங்கள். பழைய கிண்டில்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். வீட்டு ரவுட்டரில் 5 மட்டும் இயங்கினால் இணையாது, ரவுட்டரில் 2.4ஐயும் இயக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கிண்டில் இந்தியக் கணக்கில் வேலை செய்யும், தமிழ் நூல்களும் திறக்கும். உத்தரவாதம் மட்டும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். இலங்கைக்கென்று தனி அமேசான் தளம் இல்லாததால் அங்கிருப்பவர்கள் அமெரிக்கத் தளக் கணக்கில் பதியலாம்.

எத்தனை ஜிபி வேண்டும்?

16 தாராளம். ஒரு நாவல் இபப் ஒன்றிரண்டு எம்பிதான். ஸ்கேன் நூல் 20 முதல் 200 எம்பி வரை போகும், அவற்றைச் சேர்ப்பவர் மட்டும் 32 பார்க்கலாம்.

பேனாவால் எழுதும் மாடல்?

குறிப்பெடுக்கும் மாணவருக்கும் பிழை திருத்துபவருக்கும் நல்லது. சும்மா படிப்பவருக்குத் தேவையில்லை. ஸ்கேன் நூலுக்காகப் பத்தங்குலத் திரை தேடினால் கடையில் தென்படும் பெரும்பாலான மாடல்களில் பேனா சேர்ந்தேதான் வரும். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.